செண்டுமல்லி விதை ஏன் தாயைப் போல வருவதில்லை? பூக்களின் மரபணு மாறுபாடு பற்றி ஓர் எளிய அறிமுகம்

நர்சரியில் ஹைபிரிட் செண்டுமல்லி நாற்று வாங்கி நடுகிறோம். பூ ஒவ்வொன்றும் பந்து மாதிரி, ஒரே அளவு, ஒரே ஆரஞ்சு. அடுத்த பருவத்துக்கும் காசு கொடுப்பானேன் என்று காய்ந்த பூவை உதிர்த்து விதை எடுத்து வைக்கிறோம். அது வளர்ந்து பூக்கும்போது ஒரு செடி இடுப்பு உயரம், பக்கத்துச் செடி முழங்கால் உயரம். சில பூ அடுக்கு, சில பூ ஒற்றை வரிசை இதழ். நிறமும் ஆரஞ்சிலிருந்து வெளிர்மஞ்சள் வரை அலைகிறது.

இதற்கு மூன்று விளக்கங்கள் உடனே கிடைக்கும். மண்ணில் சத்து போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் விதையில் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், 'அதெல்லாம் மரபணு மாற்றின செடி, அப்படித்தான் இருக்கும்.' மூன்றும் தவறு. ஒட்டுச்செடி, ஹைபிரிட், மரபணு மாற்றம், சாயம் ஏற்றிய பூ எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் இது. ஒரு பூ இன்னொரு பூவிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தால் இரண்டு கேள்வி கேட்டால் போதும். அந்த வித்தியாசம் செடிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால், விதைவழியாகப் போகுமா, போத்து (வெட்டி நடும் கிளை) வழியாக மட்டும்தான் போகுமா?

## ஒவ்வொன்றிலும் இரண்டு

செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் அந்தச் செடியை உருவாக்கி நடத்துவதற்கான குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒரு குறிப்புதான் மரபணு. பூவின் நிறம், இதழ் எண்ணிக்கை, உயரம், வாசனை போல நம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதைப் பண்பு என்கிறோம். ஒரே மரபணு செடிக்குச் செடி சற்றே வேறு வடிவத்தில் இருப்பது மரபணு மாறுபாடு.

பெரும்பாலான செடிகளில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சீட்டாட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். செடியின் கையில் சீட்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. விதை உருவாகும்போது தாய் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டைத் தருகிறது, தந்தையும் அப்படியே. பிள்ளைக்குப் புது ஜோடிகள் கிடைக்கின்றன. கிளையை வெட்டிப் போத்து நட்டாலோ, பதியன் போட்டாலோ கலைப்பதே கிடையாது, அதே கை அப்படியே அடுத்த செடிக்குப் போகிறது.

இதை நேரில் பார்க்க நம் வாசலில் நிற்கும் அந்திமந்தாரை போதும். பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கைமாறுகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகளை 1900இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அறிஞர்களில் ஒருவரான கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானியர் இதே செடியில் சோதனை செய்தார். சிவப்புப் பூவை வெள்ளைப் பூவோடு கலந்தார். பிள்ளைகள் எல்லாம் இளஞ்சிவப்பு. சரி, சாயம் கலப்பதுபோல நிறம் கலந்துவிட்டது என்று தோன்றும். அந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தங்களுக்குள்ளேயே மகரந்தம் சேரவிட்டார். பேரப்பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை. கலந்த சாயத்திலிருந்து சிவப்பையும் வெள்ளையையும் திரும்பப் பிரித்து எடுக்க முடியாது. சீட்டை முடியும். இளஞ்சிவப்புச் செடியின் கையில் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கெடாமல் இருந்தன, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிவப்புப் பிரதி மட்டும் இருந்தால் நிறமி குறைவாக உருவாகி நிறம் வெளிறுகிறது. எல்லாப் பண்பும் இப்படி நடுவில் நிற்காது. சிலவற்றில் ஒரே பிரதி முழு வேலையையும் செய்துவிடும், அது ஓங்கு பண்பு. இரண்டு பிரதியும் ஒரே மாதிரி அமைந்தால் மட்டும் வெளியே தெரிவது ஒடுங்கு பண்பு. ஒடுங்கு பண்பு ஒரு தலைமுறை முழுக்க ஒளிந்திருக்கும். இதை நினைவில் வையுங்கள், ரோஜாவில் தேவைப்படும்.

ஆக, பண்புகள் கரைந்து கலப்பதில்லை, சீட்டுகளாகக் கைமாறுகின்றன. விதை என்றால் கலைத்துப் போட்ட கை, போத்து என்றால் அதே கை.

## ஹைபிரிட் என்றால் என்ன?

ஹைபிரிட் விதை தயாரிப்பவர்கள் முதலில் இரண்டு தூய வரிசைகளை வளர்க்கிறார்கள். ஒரு வரிசைச் செடிகளைப் பல தலைமுறை தங்களுக்குள்ளேயே கலக்கவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு சீட்டும் ஒன்றாகவே இருக்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளைக் கலந்தால் பிள்ளைகள் எல்லாம் அச்சடித்தது போல ஒன்றாக இருக்கும். தாய் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் அது அதே சீட்டுதானே! இந்த முதல் தலைமுறைதான் ஹைபிரிட், அதாவது கலப்பினம்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையில் இருப்பவை பொருந்தாத ஜோடிகள், தாயின் சீட்டு ஒன்று, தந்தையின் சீட்டு ஒன்று. அவற்றின் விதையை நாம் எடுத்தால் ஜோடிகள் முதல்முறையாகக் கலைகின்றன. பத்தே பத்து மரபணுக்களில் ஜோடி பொருந்தாமல் இருந்தாலும் பேரப்பிள்ளைகளில் 59,049 விதமான கைகள் சாத்தியம். போதாக்குறைக்கு, தேனீ பக்கத்து வீட்டு நாட்டு ரகத்தின் மகரந்தத்தையும் கொண்டுவந்திருக்கும். விதையில் யாரும் எதுவும் செய்யவில்லை, செண்டுமல்லி செண்டுமல்லியாகத்தான் நடந்துகொள்கிறது.

விதை எடுத்துவைக்க ஆசை என்றால் ஹைபிரிட் அல்லாத ரகம் வாங்குங்கள். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா நாரங்கி, பூசா பசந்தி போன்றவை அப்படிப்பட்டவை. பக்கத்தில் வேறு செண்டுமல்லி இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஓரளவு தாயைப் போலவே வரும்.

ஒட்டுச்செடி இதோடு சம்பந்தமே இல்லாத விஷயம். ஒட்டு ரோஜாவில் ஒரு ரகத்தின் மொட்டை வேறொரு காட்டு ரகத்தின் தண்டில் பொருத்திக் கட்டுகிறார்கள். மேலே ஒரு செடி, கீழே இன்னொரு செடி, மரபணு எதுவும் கலப்பதில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரை வெட்டாமல் விட்டால் அது வளர்ந்து மேலே உள்ளதை அமுக்கிவிடும். 'ரோஜா காட்டு ரோஜாவாக மாறிவிட்டது' என்று பலர் சொல்வது இதைத்தான்.

## வெளியே இருக்கும் வித்தியாசம்

ஊட்டியில் நீலநிறக் கொத்துக் கொத்தாக ஹைட்ரேஞ்சியா பார்த்திருப்பீர்கள். ஆசைப்பட்டு ஒரு கிளையைக் கொண்டுவந்து சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். செடி அதேதான், சீட்டும் அதேதான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்கு ஏறி நிறமியோடு சேரும்போது நீலம் வருகிறது. காரம் கூடிய மண்ணில் அலுமினியம் கரைவதில்லை.

இதைவிடப் பெரிய கூத்து டச்சு நாட்டில் நடந்தது. 1630களில் அங்கே டூலிப் கிழங்குகளை வெறிபிடித்து வாங்கினார்கள், 1637இல் சந்தை சரிந்தது. அதிக விலைக்குப் போனவை வெள்ளை இதழில் தீநாக்கு மாதிரி சிவப்புக் கோடு ஓடும் பூக்கள். அந்தக் கோடுகளுக்குக் காரணம் மரபணு அல்ல, அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ். 1920களின் இறுதியில்தான் அதை உறுதிப்படுத்தினார்கள். விதை போட்டால் கோடு வராது. கிழங்கு வழியாக வரும், ஆனால் வைரஸ் செடியை மெல்ல மெல்ல நலியச் செய்யும். இன்று கடையில் கிடைக்கும் கோடு போட்ட டூலிப்கள் வேறு, அவற்றில் கோடு மரபணுவிலேயே இருக்கிறது.

பூக்கடையில் கிடைக்கும் பளீர் நீல ரோஜாவோ இன்னும் எளிது. வெள்ளை ரோஜாவைச் சாயத்தில் ஊறவைத்தது.

## உள்ளே இருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

சீட்டைக் கலைப்பது ஒரு வழி. கலைத்தால் புதுக் கை வரும், புதுச் சீட்டு வராது. புதுச் சீட்டு வருவது சடுதிமாற்றத்தால். உயிரணு பிரியும்போது மரபணு நகலெடுப்பில் நேரும் பிழை அது. பெரும்பாலானவை நம் கண்ணில் படாது, பல செடிக்குக் கெடுதல். எப்போதோ ஒன்று நமக்குப் பிடித்துப்போகும்.

அடுக்குச் செம்பருத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரணச் செம்பருத்தியில் ஐந்து இதழ், நடுவில் நீண்ட தண்டு, அதைச் சுற்றி மஞ்சள் முனையோடு மகரந்தத் தாள்கள். அடுக்குப் பூவில் அந்தத் தாள்கள் பெரும்பாலும் காணாமல் போய் இதழாகியிருக்கும். உள்ளே பிரித்துக்கொண்டே போனால் பாதி வழியில் நின்றுபோன சிலவும் அகப்படும், கீழே இதழ், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் மகரந்தப் பை. மகரந்தத் தாள் வளர வேண்டிய இடத்தில் 'இங்கே இதழ் வேண்டாம், தாள் போடு' என்று சொல்லும் மரபணு ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அங்கே இதழே முளைக்கும். பல அடுக்குப் பூக்களின் ரகசியம் இதுதான். காட்டில் இது ஊனம், மகரந்தம் குறைந்தால் சந்ததி குறையும். தோட்டத்தில் இதற்குத்தான் விலை அதிகம்.

சில நேரம் ஒரே ஒரு கிளையில் மட்டும் சடுதிமாற்றம் நடக்கும். மஞ்சள் சாமந்திச் செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூப்பது அப்படித்தான். அந்தக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் புது ரகம் கையில் இருக்கிறது. காமா கதிர்களைப் பாய்ச்சி இந்தப் பிழைகளை வேண்டுமென்றே கூட்டவும் செய்கிறார்கள். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்படிக் கிடைத்தவை ரஜத் ரேகா, சுவர்ண ரேகா சம்பங்கிகள், இலையில் வெள்ளிக் கோடு ஒன்றுக்கு, தங்கக் கோடு மற்றதற்கு.

மூன்றாவது வழி சீட்டுக்கட்டின் எண்ணிக்கையே மாறுவது. மரபணுக்கள் குரோமோசோம் என்ற இழைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இயல்பாக இரண்டு தொகுதி குரோமோசோம். சில செடிகளில் மூன்று, நான்கு, ஆறு தொகுதிகூட இருக்கும். நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் டெல்லிக் கனகாம்பரம். அதில் மூன்று தொகுதி, மும்மடியம் என்பார்கள். மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. நாட்டுக் கனகாம்பரத்தில் முற்றிய காய் தண்ணீர் பட்டால் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும். டெல்லி ரகத்தில் அந்த வேடிக்கை இல்லை, போத்து நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கலைத்தல் புதுக் கை தருகிறது, சடுதிமாற்றம் புதுச் சீட்டு தருகிறது, குரோமோசோம் தொகுதி மாறுவது ஆட்டத்தையே மாற்றுகிறது.

## பொறுக்கி எடுப்பவரின் வேலை

புது ரகம் உருவாக்குபவரை ஏதோ மந்திரவாதி போல நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அவர் பெரும்பாலும் எதையும் 'உருவாக்குவதில்லை'. இருப்பதில் வேண்டியதைப் பொறுக்குகிறார், மீதியைத் தூக்கிப் போடுகிறார். இதற்குத் தேர்வு என்று பெயர். தூக்கிப் போடும் குவியல்தான் எப்போதும் பெரிது.

அமெரிக்க விதை வணிகர் டேவிட் பர்பி, வெள்ளைச் செண்டுமல்லி கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954இல் அறிவித்தார். பரிசு கைக்குப் போனது 1975இல், அயோவா மாநிலத்தில் தோட்டம் வைத்திருந்த அலிஸ் வாங்க் என்ற பெண்மணிக்கு. செண்டுமல்லியின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருபவை. அதன் அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும்போது ஒரே பாய்ச்சலில் வெள்ளைக்குப் போக முடியாது. இருப்பதிலேயே வெளிறிய பூவின் விதையை எடுத்து, அடுத்த பருவம் அதிலும் வெளிறியதை எடுத்து, இப்படியே போக வேண்டும். இதில் ஆய்வகம் எதுவும் தேவையில்லை, பொறுமை தேவை.

ரோஜாவின் கதை இன்னும் சுவையானது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் சில வாரம் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். 1790களில் சீனாவிலிருந்து சில ரோஜாக்கள் பிரிட்டனுக்கு வந்தன. சின்னச் செடி, மெல்லிய தண்டு, ஆனால் விடாமல் பூத்தன. இரண்டையும் கலந்தால் பெரிய பூவும் கிடைக்கும், தொடர்ந்தும் பூக்கும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் தலைமுறை வந்தது. ஏமாற்றம், அவையும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன.

ஏன் என்று இப்போது தெரியும். ரோஜாவில் பூப்பதைத் தடுத்து வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. வசந்தத்தில் அதன் வேலை குறையும்போது செடி பூக்கும், பிறகு மறுபடி தடுக்கும். சீன ரோஜாவில் அந்த மரபணுவின் நடுவே, இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருந்தது. மரபணு செயலிழந்துவிட்டது, தடுக்க ஆளில்லை, ஆகவே ஆண்டு முழுக்கப் பூ. 2012இல் இதை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கலப்பினத்தில் ஐரோப்பியத் தாயிடமிருந்து வந்த ஒரு நல்ல பிரதி இருந்தால் போதும், தடுக்கும் வேலை நடந்துவிடும். அதாவது விடாமல் பூப்பது ஒடுங்கு பண்பு. முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தவர் தோற்றார். அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள்ளும் சீன ரோஜாவோடும் மறுபடி கலந்து பார்த்தவருக்கு, செயலிழந்த இரண்டு பிரதிகளும் சேர்ந்த செடி கிடைத்தது. இன்று ஓசூரில் பசுமைக்குடிலில் ஆண்டு முழுக்க ரோஜா வெட்டுகிறார்கள் என்றால் அந்தப் பழுதடைந்த மரபணுவுக்கும் அதில் பங்கு உண்டு.

தேர்வில் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். பூங்கொத்து ரோஜாவில் நீளத் தண்டு, நாள்பட நிற்கும் இதழ், பெட்டியில் அடுக்க ஏற்ற வடிவம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். வாசனையை யாரும் மோந்து பார்க்கவில்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது. ரோஜா வாசனைக்கு முக்கியமான ஒரு நொதியை உருவாக்கும் மரபணு, வாசனை இல்லாத ரகங்களில் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது என்று 2015இல் கண்டறிந்தார்கள். கடை ரோஜாவில் மணமில்லை என்று திட்டுபவர்கள் உரத்தைத் திட்டுவதில் பயனில்லை.

நம் ஊர்த் தேர்வின் கணக்கே வேறு. இங்கே பூ எடைக்கு விற்கிறது, நாரில் தொடுக்கப்படுகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றை, அடுக்குச் சம்பங்கிகளைக் கலந்து ஸ்ருங்கார் ரகத்தை எடுத்தது. அதை மெக்சிகன் ஒற்றை என்ற ரகத்தோடு கலந்து பிரஜ்வல் ரகம் வந்தது. மொட்டில் லேசான இளஞ்சிவப்பு, எடையும் கூடுதல். சம்பங்கி போடும் விவசாயிக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

## கட்டிலேயே இல்லாத சீட்டு

தேர்வுக்கு ஓர் எல்லை உண்டு. இல்லாத சீட்டைப் பொறுக்க முடியாது. நீல ரோஜாவுக்காக எத்தனையோ பேர் முயன்றும் கிடைக்காததற்கு அதுவே காரணம். பல நீலப் பூக்களில் இருக்கும் டெல்பினிடின் என்ற நிறமியைச் செய்யத் தேவையான மரபணு ரோஜாக் குடும்பத்தின் கையிலேயே இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சிப் பூவிலிருந்து அந்த மரபணுவை எடுத்து ரோஜாவில் சேர்த்தது. 2004இல் அறிவித்து, 2009இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரபணு மாற்றம் என்று உண்மையில் சொல்ல வேண்டியது இதைத்தான். அதுவும் நீலம் என்பதைவிட வெளிர் ஊதா. நிறமி சேர்ந்தாலும் ரோஜா இதழுக்குள் புளிப்பு அதிகம், அதில் நீலம் முழுதாகத் தெளிவதில்லை.

மதுரை மல்லிக்கு வேறு மாதிரிச் சிக்கல். குண்டுமல்லி காய் பிடிப்பதே அபூர்வம், தலைமுறை தலைமுறையாகப் பதியன் வழியாகவே வருகிறது. அதாவது சீட்டைக் கலைக்கும் வாய்ப்பே கிட்டத்தட்ட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில், தற்செயலாக வேறுபட்டு நிற்கும் செடியைக் கண்டுபிடித்துப் பெருக்குவதும், சடுதிமாற்றத்தைத் தூண்டுவதும்தான் மீதமுள்ள வழிகள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-2 பிச்சி அப்படி கோ-1 பிச்சியிலிருந்து வந்தது.

## வீட்டில் செய்து பார்க்க

சிவப்பு அந்திமந்தாரை ஒன்று, வெள்ளை ஒன்று இருந்தால் போதும். மஞ்சள் வேண்டாம், அதன் கணக்கு சிக்கலானது. பூ விரிவது மாலையில் என்பதால், பிற்பகலில் அன்று விரியப்போகும் வெள்ளை மொட்டு ஒன்றை மெதுவாகப் பிரித்து, மகரந்தப் பைகள் வெடிக்கும் முன் தாள்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். நடுவில் நீண்டிருக்கும் சூல்தண்டில் கை படக்கூடாது. மாலையில் சிவப்புப் பூவின் மகரந்தத்தை அதன் நுனியில் தடவி, மெல்லிய துணியால் மூடி, காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு பூவுக்கு ஒரே ஒரு கருப்பு விதைதான் கிடைக்கும், அதனால் பத்துப் பதினைந்து பூவில் செய்வது நல்லது.

அந்த விதை முளைத்து இளஞ்சிவப்பாகப் பூத்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. வெள்ளையாகவே பூத்தால் பூ தன் மகரந்தத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது, அதைப் பிடுங்கிவிடலாம். இளஞ்சிவப்புச் செடியின் பூக்களை விரியும் முன்பே துணியால் மூடிவிட்டால் தானாகவே விதை பிடிக்கும். அதை எடுத்து விதைத்து எண்ணுங்கள். நான்கு செடியில் எண்ணினால் எதுவும் தெரியாது, நாற்பது செடியாவது வேண்டும். சரியாகப் பத்து, இருபது, பத்து என்று வராது, சீட்டுக் கலைப்பில் அப்படி வருவதும் இல்லை. அதற்குப் பக்கத்தில் வந்தால் சரி.